அச்சு அசல் புறாச் சாம்பல்

பல் மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. மாமனார் வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாயிருக்கு" என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, வேலை தேடி ஆளுக்கொரு ஊருக்குப் போயும்விட்டார்கள். அந்த வார்த்தை மட்டும் வந்தபாடில்லை.

பல் மாப்பிள்ளை என்றதும் பல் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குத் தக்க பொய்ப்பல் செய்து கொடுப்பது இவர் வேலை. பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு. பதினாறையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார் என்று சொல்ல முடியாது, கண்ணைத் திறந்துகொண்டுதான் பிரிப்பார். ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதும். இவர் செய்த பல் எது, சொந்தப் பல் எது என்று போட்டுக்கொண்டவருக்கே குழப்பம் வரும்.

மாமனார் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பறிமுதல். அவர் தெருவில் திரும்பினாலே கடைக்காரர்கள் எடைக்கல்லை ஒளிக்க ஓடுவார்கள். ஓய்வு பெற்றதும் தராசுகள் தப்பித்தன, மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார். "மாப்பிள்ளே, நீங்க மாட்டின படம் ரொம்ப அழகா சாஞ்சிருக்கு." "நீங்க போட்ட டீ பிரமாதம், வெந்நீர்னு நெனச்சுக் குடிச்சா." மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாங்க போங்க என்று சொல்லியே ஆளை உரித்துவிடுவார்.

மூவரும் இருந்த வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு பழைய கார் நின்றது. இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. உருண்டை முதுகு, பெரிய பெரிய விளக்கு, உள்ளே சோபா மாதிரி இருக்கை. மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அவள் அதை "அக்கா" என்றே கூப்பிடுவாள். "அக்காவைத் தட்டிக் கொடுத்ததுல பாதி என்னைத் தட்டிக் கொடுத்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்பாள். எங்கேயும் போகாமல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிற வண்டிக்கு வருஷா வருஷம் ஒரு கோப்பை கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கோப்பை மேல் ஒரு கண். ஆனால் அக்காவோ, நடுவில் யாரோ ஒரு மெக்கானிக் கையில் கிடைத்த சிவப்பை அடித்துவிட்டதில், வெளுத்துப் போய்ச் சொறி பிடித்து நின்றாள்.

"வெளியில குடுத்தா கெடுத்துடுவாங்க மாமா. நானே வீட்லயே அடிச்சுத் தரேன். எங்க பல் லேப்ல காத்தடிக்கிற கம்ப்ரஸர் இருக்கு" என்றார் மாப்பிள்ளை, வாய் சும்மா இருக்காமல்.

"பல்லுக்கும் வண்டிக்கும் வித்தியாசம் தெரியும்ல மாப்பிள்ளே? இது தண்ணி கிளாஸ்ல போட்டு வெக்கிற சாமான் இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளை வேலையில் இறங்கினார். ஒவ்வொரு மாலையும், லீவு நாள் முழுக்கவும், ஷெட்டே கதி. சிவப்பைச் சுரண்டி இரும்பு தெரியும் வரை இறக்கினார். நசுங்கிய இடத்தை உள்ளிருந்து தட்டி, பட்டி போட்டு, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி போட்டு, மறுபடி தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும் என்று மெல்லிய துணியைப் போட்டு அதன் மேல் உள்ளங்கையை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பிரைமர் அடித்துத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் இழைத்தார். ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் ஷீட்டால் ஒரு கூடாரமே எழும்பியது. தூசி கிளம்பக் கூடாது என்று வீட்டில் பெருக்கத் தடை, துணி உதறத் தடை, கதவை வேகமாகச் சாத்தத் தடை.

"தும்மலாமா, அதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றாள் மனைவி.

"தும்மலாம். தெருமுனைக்குப் போய்."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. வினை வந்தது நிறத்தில்.

அக்கா வாங்கிய அன்று புறாச் சாம்பல் நிறம். சாம்பலில் நீலம் லேசாக எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு நிறம். போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆனால் மாப்பிள்ளை கெட்டிக்காரர், டாஷ்போர்டைக் கழற்றியபோது அதன் பின்பக்கம் பழைய பெயின்ட் அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டார். புத்தம் புதிதாக, புறாவின் முதுகு மாதிரி. வாயெல்லாம் பல்லாக அதைத் தூக்கிக்கொண்டு மாமனாரிடம் ஓடினார்.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, திருப்பிக் கொடுத்தார்.

"இது சாம்பலா? அழுக்குப் பழுப்பு. வெயில்ல மங்கிப் போயிருக்கு."

"டாஷ்போர்டுக்குப் பின்னாடி வெயில் எப்படி மாமா வரும்?"

"அப்ப புகை."

அதோடு அந்தத் தகட்டின் கதை முடிந்தது. இன்ஸ்பெக்டர் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், கடையில் தராசை வைத்துக்கொண்டு உட்காருவாரே அந்த மாதிரி. மாப்பிள்ளை கலந்து கலந்து தகரத் துண்டில் அடித்து நீட்ட வேண்டும், அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீலம் பத்தல."

விட்டார்.

"இன்னும் விடுங்க. என்ன, சொந்தச் சொத்தை எழுதி வெக்கிற மாதிரி யோசிக்கிறீங்க?"

விட்டார்.

"இப்ப பச்சையடிக்குது. கொஞ்சம் சிவப்பு சேருங்க."

"சிவப்பு சேத்தா மாமா, அது வேற எங்கேயோ போயிடும்."

"எங்க போகும்? கேட்டைத்தான் பூட்டியிருக்கோமே. சேருங்க."

சிவப்பும் சேர்ந்தது. பிறகு மறுபடி நீலம், மறுபடி துளி சிவப்பு. கடைசியில் இன்ஸ்பெக்டர் தகரத்தைக் கையில் வாங்கி, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இளகிவிட்டது. "இதேதான். ஷோரூம்ல முதல்ல பாத்தேனே, இதே சாம்பல்" என்றார்.

மாப்பிள்ளையும் பார்த்தார். அது கத்திரிப்பூ நிறம். சாம்பலோடு அதற்கு ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது.

மனைவியிடம் போய் முறையிட்டார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "சொன்னதை அடிச்சுட்டுப் போங்க. மறுத்துப் பேசினீங்கன்னா பத்து வருஷத்துக்கு அதையே பேசுவார். எனக்குக் காது ரெண்டுதான் இருக்கு."

அடித்தார். ஒரு லீவு நாளின் விடிகாலையில் ஷெட் தரையை நனைத்து, முகமூடி மாட்டி, ஸ்ப்ரே கன்னை ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் ஓட்டி, பூச்சின் மேல் பூச்சாக அடித்தார். எங்கும் வழியவில்லை, எங்கும் புள்ளி இல்லை. மேலே நிறமில்லாத கிளியர் அடித்து, ஆறவிட்டு, பளபளப்பும் ஏற்றினார். வேலை அப்படி ஒரு வேலை. ஆனால் ஷெட்டுக்குள் கத்திரித் தோட்டமே பூத்த மாதிரி இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்காவுக்கு இந்த வயசுல இப்படி ஒரு ஆசையா!"

இன்ஸ்பெக்டர் வந்தார். சுற்றி வந்தார். கைத்தடியை ஊன்றி நின்றார்.

"நல்லாயிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று. யாரும் இல்லை. அன்றைக்கு லேபில் அவர் செய்த பல்செட் எல்லாம் சிரித்த மாதிரியே அமைந்துவிட்டதாகக் கேள்வி.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. போட்டி மைதானத்துக்கு வண்டியைத் தானே ஓட்டிப் போவேன் என்று இன்ஸ்பெக்டர் ஒற்றைக்காலில் நின்றார். லைசன்ஸ் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் சுவரிலிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்துக்கு அப்புறம் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "அட்டை சரியில்ல. இதைக் கடைசியா யார் சோதிச்சு முத்திரை போட்டாங்க?" என்று அங்கேயே சண்டைக்கு நின்றார். மகள் அவரைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாப்பிள்ளையும் கூடப் போனார்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. பல வருஷமா மஞ்சள் கண்ணாடி வழியாத்தான் உலகத்தைப் பாத்துட்டு இருக்கார்" என்றார். "வெள்ளை பழுப்பாத் தெரியும். நீலமெல்லாம் செத்துப் போயிருக்கும். ஒரு கண்ணை உடனே பண்ணிடலாம், இன்னொண்ணைக் கொஞ்ச நாள் கழிச்சுப் பண்ணலாம். அப்புறம் பாருங்க, எல்லா நிறமும் பளிச்சுன்னு தெரியும்."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. டாஷ்போர்டுத் தகடு ஏன் பழுப்பாயிற்று, கத்திரிப்பூ ஏன் சாம்பலாயிற்று, எல்லாம் அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அந்த ஒரே ஒரு "நல்லாயிருக்கு" திரும்பப் பறிமுதல் ஆகிவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கண் தெரியாத மனுஷனை வைத்து விளையாடிவிட்டீர்களே மாப்பிள்ளே என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

"மறுபடி சுரண்டி அடிச்சுடட்டுமா?" என்றார் மனைவியிடம்.

"போட்டிக்குள்ள முடியுமா?"

"முடியாது."

மனைவி யோசித்தாள். கணக்கு டீச்சர் யோசித்தால் எங்கேயாவது ஒரு வழி பிறக்கும், நேர்வழியாக இருக்காது. மறுநாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் மஞ்சள் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த கையோடு மகள் மஞ்சள் கண்ணாடியை அப்பா மூக்கில் மாட்டிவிட்டாள். "வெளிச்சம் படக் கூடாதாம்ப்பா. தூங்கும்போது தவிர எப்பவும் போட்டிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எழுத்தெல்லாம் தெளிவாத்தான் தெரியுது. ஆனா பளிச்சுன்னு தெரியும்னானே டாக்டர், ஒண்ணும் காணோமே. சும்மா நோண்டிவிட்டிருக்கான்."

மாப்பிள்ளைக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி உயிர் குளியலறையில் ஊசலாடியது. முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? "டைல்ஸ் மாத்தினீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தேய்ச்சுக் கழுவினேன்பா!" என்று மகள் சமையலறையிலிருந்து கத்தினாள். "இத்தனை வருஷமா அப்ப என்ன பண்ணிட்டு இருந்தே?" என்று அதற்கும் ஒரு குட்டு விழுந்தது. காரை மட்டும் பெயின்ட் இறுகணும் என்று சாக்குச் சொல்லி, உறை போட்டு, ஷெட்டைப் பூட்டி, சாவியை மாப்பிள்ளை சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

லைசன்ஸ் கிடைத்துவிட்டது. போட்டி நாளும் வந்தது. மஞ்சள் கண்ணாடியோடு இன்ஸ்பெக்டர் கம்பீரமாக ஸ்டியரிங் பிடிக்க, மாப்பிள்ளை பக்கத்திலும் மகள் பின்னாலும் உட்கார்ந்து போனார்கள். வழியெல்லாம் ஜனங்கள் நின்று நின்று பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே தலையை நீட்டிக் கை காட்டியது. "பாருங்க மாப்பிள்ளே, ஒரிஜினல்னா ஒரிஜினல்தான். ஜனங்களுக்குத் தெரியுது" என்றார் இன்ஸ்பெக்டர். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைதானத்தில் கறுப்பும் பழுப்பும் பச்சையுமாக வண்டிகள் அடக்க ஒடுக்கமாக நின்றன. நடுவில் அக்கா போய் நின்றதும் இளவட்டங்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். "செம கலர் தாத்தா!" என்றாள் ஒரு பெண். "இந்த மாதிரி கத்திரிப்பூ கலர்ல கார் நான் பாத்ததே இல்ல!"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். "என்ன பூ?"

"அந்தப் பொண்ணுக்கு ஏதோ கோளாறு மாமா" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

இன்ஸ்பெக்டர் மூக்கில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டவில்லை. வண்டியைப் பார்த்தபடி ஆபரேஷன் செய்த கண்ணை மூடினார். பிறகு அதைத் திறந்து மற்றக் கண்ணை மூடினார். திரும்ப முதல் கண். திரும்ப மற்றது. தராசின் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையிலிருந்த மஞ்சள் கண்ணாடியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடைசியாக மகளைப் பார்த்தார். மகள் வானத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

முடிந்தது கதை என்று நினைத்தார் மாப்பிள்ளை. இத்தனை ஜனத்துக்கு நடுவில் இனி வாங்க போங்க என்று உரிக்கப்போகிறார். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஓடவில்லை. கிட்டே போய், "நான்தான் மாமா. கலக்கும்போது கை தவறிடுச்சு" என்றார்.

"கை தவறிடுச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "துளித் துளியா விடச் சொன்னது யாரு? மாப்பிள்ளே, உங்களுக்குப் பொய்ப்பல் செய்யத்தான் வரும். பொய் வராது."

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும். மூன்று பேரும் அக்காவைவிட மூத்தவர்கள். ஒருவர் கையில் பூதக்கண்ணாடி, இன்னொருவர் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தலைவர் பானெட்டின் மேல் மூக்கு படும்படி குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஆஹா! புறாச் சாம்பல். அந்தக் காலத்துல வந்துச்சே, அச்சு அசல் அதே சாம்பல்!"

"சந்தேகமே இல்ல" என்றார் பூதக்கண்ணாடிக்காரர். "இப்ப எவனுக்கு இந்த நிறம் கலக்கத் தெரியுது? மத்தவங்கல்லாம் அழுக்குப் பழுப்பை அடிச்சுட்டு ஒரிஜினல்ங்கிறாங்க."

சுற்றி நின்ற இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மூன்று பேர் கண்களையும் வரிசையாக உற்றுப் பார்த்தார். மூன்றும் மோர் கலங்கின மாதிரி வெளிறிக் கிடந்தன. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு கள்ள எடையையும் விட்டுவைக்காத மனுஷர், வாயைத் திறந்தார். "ஐயா, இந்த நிறம்..."

"மாமா ஞாபகத்துல இருந்து சொல்லச் சொல்லக் கலக்கினது சார்" என்றார் மாப்பிள்ளை. "முழுக்க முழுக்க அவர் கண்ணுதான்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. "மாட்டிவிடறீங்களா?" என்று பல்லிடுக்கில் கேட்டார் இன்ஸ்பெக்டர். ஆனால் தோள் குலுங்கியது. மாப்பிள்ளை முதலில் அழுகிறாரோ என்றுதான் பயந்தார். பிறகு பார்த்தால், மனுஷர் அடக்க மாட்டாமல் சிரிக்கிறார். மாமனார் சிரிப்பை இவ்வளவு கிட்டத்தில் அவர் அதுவரை பார்த்ததில்லை. அது தொற்றிக்கொண்டது. மாமனார் மாப்பிள்ளையின் கைக்குட்டையாலும் மாப்பிள்ளை வெறும் கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, ஏதோ உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தலைவர் இருவர் முதுகையும் தடவிக் கொடுத்தார்.

கோப்பை அக்காவுக்குத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு இன்ஸ்பெக்டர் பானெட்டின் மேல் குனிந்தார். பழைய கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் மட்டும் பார்த்தார். அந்தப் பளபளப்பில் அவர் முகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரிந்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என் முகத்துல இவ்வளவு சுருக்கமா மாப்பிள்ளே?"

"கொஞ்சம் இருக்கு மாமா."

இன்ஸ்பெக்டர் நகர்ந்து நகர்ந்து கதவு, கூரை, பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். முகம் மாறியிருந்தது.

"வண்டியில ஒரு சுருக்கம்கூட இல்லையே" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். முன்பு வந்த "நல்லாயிருக்கு" கண் தெரியாமல் வந்தது, பறிபோனாலும் போகட்டும். இது பார்த்துவிட்டு வந்தது. அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினார், அது மாமனார் கையில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதை நீட்டினார். பிறகு மகளைக் கூப்பிட்டார். கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பயந்து பயந்து வந்தாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணி, இந்தக் கண்ணு ஆபரேஷன் இப்ப வேண்டாம்னு சொல்லிடு."

"ஏம்ப்பா?"

"அடுத்த வருஷப் போட்டி முடியட்டும். சாம்பலாப் பாக்க ஒரு கண்ணாவது வேணும்ல?" என்று மஞ்சள் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார்ச் சாவியை மாப்பிள்ளையிடம் தூக்கிப் போட்டார். "நீங்க ஓட்டுங்க. நான் பாத்துட்டு வரேன்."

அக்காவை முதல்முதலாக மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வீடு வரைக்கும் பழைய கண்ணைப் பொத்தி, பானெட்டைப் பார்த்தபடியே வந்தார். வழியில் ஒரு தடவைதான் வாயைத் திறந்தார், "நீங்க கியர் மாத்தறது ரொம்ப அழகா இருக்கு, லாரின்னு நெனச்சுக்கிட்டா" என்று சொல்ல.